எந்த மிட்சுடாவை வாங்குறது?

மொதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் நீளமான கொசுவத்தி. காபியோ முறுக்கோ எது கைவசம் இருக்கோ அதை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காருங்க.

2024 நவம்பர். டோக்கியோவுல ஏழு மாசமா ஆணி புடுங்கினது முடிஞ்சு, ஊருக்குக் கிளம்ப ரெண்டே நாள் பாக்கி. அம்மாவுக்குக் காய் நறுக்குற கத்தி வாங்கியாச்சு. ஆபீஸ் மக்களுக்குப் பச்சைத் தேயிலை போட்ட கிட்கேட் நாலு பை வாங்கியாச்சு. அக்கா பையனுக்குப் பென்சில் டப்பா. இதெல்லாம் போக எனக்குன்னு பர்ஸ்ல மிஞ்சினது 6,000 யென். அன்னைய கணக்குக்கு ஒரு யென் 55 பைசா சொச்சம். ஆக, மூவாயிரத்து முன்னூறு ரூபா.

அதை என்ன பண்றதுன்னு யோசிக்கவே இல்ல. சென்னையில விமானம் ஏறும்போதே முடிவு பண்ணினது. அகிஹபராவுக்குப் போறோம், யசுனோரி மிட்சுடாவோட சிடி வாங்குறோம்.

"யாருய்யா அந்த மிட்சுடா?"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். வீடியோ கேமுக்கு இசையமைக்கிற ஜப்பான்காரர். 1972ல பொறந்தவர். 1992ல ஸ்கொயர் கம்பெனியில வேலைக்குச் சேர்ந்தார். இசையமைக்கத்தான் சேர்ந்தார், ஆனா கெடைச்ச வேலை என்னவோ சத்தம் போடுற வேலை. அதாவது கதவு தொறக்குற சத்தம், கத்தி வீசுற சத்தம், இந்த மாதிரி. ரெண்டு வருசம் இப்படியே ஓடுது. நம்மள மாதிரி ஆளா இருந்தா கேன்டீன்ல உக்காந்து மேனேஜரைத் திட்டிட்டு மறுபடி சீட்டுக்குப் போயிருப்போம். இவர் நேரா ஹிரோனோபு சகாகுச்சி கிட்ட போனார். ஃபைனல் ஃபேன்டஸியை உருவாக்கினவர், கம்பெனியில பெரிய தலை. 'இசையமைக்க விடுங்க, இல்லன்னா கிளம்பறேன்'னு சொல்லிட்டார். சகாகுச்சி அவரைத் தூக்கி க்ரோனோ ட்ரிகர்ங்கிற ஆட்டத்துல போட்டார். அது 1995 மார்ச்ல சூப்பர் ஃபாமிகாம்ல வந்துச்சு. அப்ப மிட்சுடாவுக்கு வயசு 23.

எனக்கு இப்ப 28. நான் இன்னும் யார்கிட்டயும் போய் எதையும் அப்படிக் கேட்டதில்ல. சரி விடுங்க, மேட்டருக்கு வருவோம்.

கடை நாலாவது மாடியில. லிஃப்ட்ல என் தோள்பையும் நானும் போனா இன்னொருத்தருக்கு இடம் இல்ல. உள்ள போனா சுவரு முழுக்க பழைய சிடி. ரெண்டு அலமாரிக்கு நடுவுல ஒருக்களிச்சுதான் நடக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஜப்பானிய எழுத்துல கடைப் பேரு படிக்கலாம், ரயில் நிலையம் படிக்கலாம், அவ்வளவுதான். ஆனா அட்டைப்படம் போதுமே. அகிரா டோரியாமா வரைஞ்ச செவப்பு முடிக்காரப் பையனை எங்க பாத்தாலும் கண்டுபிடிச்சிருவேன். (டோரியாமா 2024 மார்ச்ல தவறிட்டார். அந்த அலமாரியில அவர் படம் போட்ட அட்டையைக் கையில எடுத்தப்போ ஒரு நிமிசம் கஷ்டமாத்தான் இருந்துச்சு.)

மிட்சுடா வரிசையில தேறினது இவ்வளவு:

க்ரோனோ ட்ரிகர், 1995, மூணு டிஸ்க். இதுல ரெண்டு பிரதி இருந்துச்சு. ஒண்ணு 'ஓபி'யோட இருக்கு. ஓபின்னா ஜப்பான் சிடி மேல இடுப்புப் பட்டை மாதிரி சுத்தியிருக்கிற காகிதம், அது இருந்தா விலை கூடும். 2,900 யென். இன்னொண்ணு ஓபி இல்லாதது, முதுகு வெயில்ல வெளுத்தது, 2,300.

ஸீனோகியர்ஸ், 1998, ரெண்டு டிஸ்க், 2,500.

க்ரீட், அதுவும் 1998. ஸீனோகியர்ஸ் பாட்டுகளையே கெல்டிக் பாணியில நிஜ வாத்தியங்களை வெச்சு மறுபடி பண்ணினது. ஒரே டிஸ்க், 2,000.

க்ரோனோ க்ராஸ், 1999, மூணு டிஸ்க், 3,400.

எஞ்சினியர் புத்தி எங்க போகும்? செல்லுல கால்குலேட்டரைத் தொறந்தாச்சு. க்ராஸ்ல 67 பாட்டு, பாட்டுக்கு 51 யென். ட்ரிகர்ல 64 பாட்டு, வெளுத்த பிரதின்னா பாட்டுக்கு 36 யென். க்ரீட்ல 10 பாட்டு, பாட்டுக்கு 200 யென்! அம்மா கேட்டா அடிப்பாங்க. க்ரீட்டை அப்பவே அலமாரியில திருப்பி வெச்சிட்டேன்.

மிச்சம் இருக்கிறதுல மூளை சொன்ன விடை ரொம்பச் சுலபம். க்ராஸ் 3,400, ஸீனோகியர்ஸ் 2,500. மொத்தம் 5,900. கையில 100 யென் மிச்சம், கீழ இருக்கிற மெஷின்ல தண்ணி பாட்டில் வாங்கிக்கலாம். பக்காவான பொருத்தம்.

ஏன் ட்ரிகரை விட்டேன்னு கேக்குறீங்களா? காரணம் இருக்கு. இது சத்தத்தோட தரம் சம்பந்தப்பட்ட விஷயம்.

க்ரோனோ ட்ரிகர் ஓடுன சூப்பர் ஃபாமிகாம்ல ஒலிக்குன்னு தனியா ஒரு சிப்பு உண்டு. சோனியில இருந்த கென் குடராகி வடிவமைச்சது. பின்னாடி ப்ளேஸ்டேஷனைக் கொண்டு வந்த அதே ஆளு. அந்தச் சிப்புக்கு எட்டு சேனல், அதாவது ஒரே நேரத்துல எட்டு ஸ்வரம்தான் கேக்கும். அதுக்கு இருக்கிற நினைவகம் மொத்தம் 64 கேபி. இன்னைக்கு உங்க செல்லுல எடுக்கிற ஒரு மங்கலான போட்டோவைக் கூட அதுக்குள்ள அடைக்க முடியாது. அதுக்குள்ளதான் வயலின், புல்லாங்குழல், மேளம், பேஸ் கிடார், பாட்டோட ஸ்வரக்குறிப்பு, எல்லாத்தையும் ஓட்டுற நிரல் வரைக்கும் எல்லாம் அடங்கணும். இது போதாதுன்னு கதவு தொறக்குற சத்தம் வந்தா அதுக்கும் அந்த எட்டுலேருந்துதான் சேனலை எடுத்துக் குடுக்கணும்.

ப்ளேஸ்டேஷன்ல 24 சேனல், 512 கேபி. ஒண்டுக்குடித்தனத்துலேருந்து தனி வீட்டுக்குப் போன மாதிரி. அதுல வந்த ஸீனோகியர்ஸ்ல மிட்சுடா கைகாலை நல்லா நீட்டிட்டார். கடைசியில ஜோன் ஹாக் பாடற முழுப்பாட்டே இருக்கு. க்ராஸ் அதுக்கும் மேல. அதோட தொடக்கப் பாட்டு மெதுவா ஒரு கிடார்ல ஆரம்பிச்சு, தூரத்துல குழல் வந்து, சட்டுனு வயலினும் தாளமும் சேந்து ஓட ஆரம்பிக்கும் பாருங்க, ஹெட்போனோட தெருவுல நடந்தா நம்ம நடையே மாறிடும். அதை எழுதும்போது அவர் ஸ்கொயர்ல சம்பளக்காரரும் இல்ல, 1998லயே வெளிய வந்து தனியாளா வேலை செஞ்சுட்டிருந்தார். என் கணக்குல அவரோட உச்சம் அதுதான். இப்பவும் அதுதான் சொல்லுவேன்.

அதுக்கு முன்னாடி வெச்சா ட்ரிகர் சிடியில இருக்கிறது 64 கேபிக்குள்ள அமுக்கின சத்தம். மெட்டு தங்கம், ஓசை தகரம். ஆக க்ராஸும் ஸீனோகியர்ஸும். முடிவு பண்ணி ரெண்டையும் கையில எடுத்துட்டு கல்லாவுக்குப் போனேன். எனக்கு முன்னாடி ரெண்டு பேரு வரிசையில. நின்ன நேரத்துல சும்மா இருக்காம திரும்பி அந்த வெளுத்துப்போன ட்ரிகரைப் பாத்தேன். அங்கதான் வம்பு.

இப்ப கொசுவத்தியைச் சுத்துவோம்.

2014, ஹாஸ்டல், மொத வருசம். என் அறைத்தோழன் விருதுநகர் பக்கத்து கிராமத்துப் பையன். பேர் வேணாம், தவளைன்னு வெச்சுக்குவோம். அது நாங்க வெச்ச பேருதான். காரணம் பின்னாடி. அவன் கிட்ட இருந்தது ப்ளஸ் டூவுல அரசாங்கம் குடுத்த இலவச லேப்டாப். அதுல பெரிய கேம் எதுவும் ஓடாது. யாரோ சீனியர் பென் டிரைவ்ல ஒரு எமுலேட்டரும், 4 எம்பியில ஒரு கோப்பும் போட்டுக் குடுத்தார். க்ரோனோ ட்ரிகர். திருட்டுப் பிரதிதான், ஒளிவு மறைவு எதுக்கு. அப்ப அது திருட்டுன்னு தோணவே இல்ல.

ஒருத்தர் ஆடுற ஆட்டம் அது. நாங்க ரெண்டு பேரா ஆடினோம். ஒரு நாள் அவன் கீபோர்டு, நான் நோட்டுல குறிப்பு எழுதுவேன். மறுநாள் மாத்திக்குவோம். கி.மு. ஆறரைக் கோடியிலேருந்து கி.பி. 2,300 வரைக்கும் காலத்துல முன்னயும் பின்னயும் போய்ட்டு வர்ற கதை. குறிப்பு இல்லன்னா எந்தக் காலத்துல எந்தப் பெட்டியைத் தொறந்தோம்னு மறந்து போகும். அதுல தவளையா மாறிப்போன ஒரு வீரன் வருவான். கூட்டத்துல மூணு பேருக்குத்தான் இடம். இவன் ஆடுற நாள்ல அந்தத் தவளை எப்பவும் உள்ள இருக்கும். அதான் பேரு.

ஒரு நாள் ராத்திரி எமுலேட்டர் மெனுவைக் குடைஞ்சிட்டிருந்தவன் ஒரு விஷயம் கண்டுபிடிச்சான். ஒலியோட எட்டு சேனலையும் தனித்தனியா அணைக்கலாம், போடலாம். கி.மு. 12,000ல மேகத்துக்கு மேல மிதக்கிற ஒரு ராஜ்ஜியம் வரும். அங்க ஓடுற பாட்டை ஒரு சேனல் ஒரு சேனலா அணைச்சுக்கிட்டே வந்தான். மெட்டு போச்சு. தாளம் போச்சு. கடைசியில பேஸ் மட்டும் தனியா ஓடுது. "மாப்ள, இதைக் கேளுடா. இது மட்டுமே ஒரு பாட்டுடா"ன்னான். நான் அதுவரைக்கும் பாட்டுன்னா மேல கேக்குற மெட்டுதான்னு நெனச்சவன். அடியில ஒருத்தன் விடாம நடந்துக்கிட்டே இருக்கான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இன்னைக்கு ராஜா பாட்டுல பேஸைத் தனியாப் பிரிச்சுக் கேக்கத் தெரியுதுன்னா அது தவளை கத்துக்குடுத்தது.

நாலாவது வருசம், ப்ராஜெக்ட். எல்லாரும் இதயத்துடிப்பு அளக்குற கருவி, தண்ணித்தொட்டி நிரம்பினா மணியடிக்கிற கருவின்னு போக, நாங்க ரெண்டு பேரும் சுருதிப்பெட்டி பண்ணினோம். சின்னதா நீலக் கலர் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. அதுலயும் நிரலையும் ஒலியையும் எழுதி வைக்க 64 கேபிதான்! தவளைக்கு அதுல அவ்வளவு சந்தோசம். "மிட்சுடாவுக்கும் 64, நமக்கும் 64"ன்னு சொல்லிட்டே திரிஞ்சான்.

பிரச்சினை இதுதான். தம்புரா கம்பியை ஒரு தடவை மீட்டினா அது ரொம்ப நேரம் கார்வை குடுக்கும். அவ்வளவையும் பதிஞ்சு வைக்க இடம் இல்ல. அதனால சின்னத் துண்டை மட்டும் வெச்சுக்கிட்டு, வாலை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டணும். சூப்பர் ஃபாமிகாம்லயும் அதே வித்தைதான். ஆனா துண்டு முடியற எடத்துல அலை எந்த உயரத்துல இருக்கோ, ஆரம்பிக்கிற எடத்துலயும் அதே உயரத்துல, அதே போக்குல இருக்கணும். இல்லன்னா ஒவ்வொரு சுத்துக்கும் 'டப்'புனு ஒரு சத்தம் வரும். தம்புராவுக்குள்ள யாரோ சொடக்குப் போடுற மாதிரி. அந்த 'டப்'பைக் கொல்றது என் பங்கு.

2018 பிப்ரவரியில எனக்கு மஞ்சள்காமாலை. அஞ்சு வாரம் ஊர்ல படுத்த படுக்கை, கீழாநெல்லியும் மோரும். என் பங்கு அப்படியே நின்னுச்சு. தவளை ஒரு வார்த்தை சொல்லல, எடுத்துச் செய்ய ஆரம்பிச்சுட்டான். தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு போன் வரும். ஸ்பீக்கர் பக்கத்துல போனை வெச்சுட்டு, "கேளு, டப்புனு வருதா?"ன்னு கேப்பான். "வருது." வெச்சுருவான். மறுநாள், "வருதா?" "வருது." இப்படியே பதினெட்டு, இருவது நாள். ஒரு ராத்திரி கேட்டேன். கேட்டுட்டே இருந்தேன். வரல. "வரலடா"ன்னேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கூட இல்ல, மூச்சு விட்ட சத்தம் மட்டும் கேட்டுச்சு.

அதே வருசம் ஜூன்ல ஒரு கம்பெனி நேர்முகம். ரெண்டு பேரும் போனோம். என்னைத்தான் மொதல்ல கூப்பிட்டாங்க. ப்ராஜெக்டுல கஷ்டமான பகுதி எது, அதை யார் பண்ணினதுன்னு கேட்டாங்க. அந்த 'டப்' கதையைச் சொன்னேன். அலை, உயரம், போக்கு, அவன் எனக்கு போன்ல சொன்ன அத்தனையும் அச்சுப் பிசகாம சொன்னேன். நான் பண்ணினதுன்னு சொன்னேன்.

அடுத்தது அவன். அவன் கிட்டயும் அதே கேள்வி. அவன் உண்மையைச் சொன்னான். ரெண்டு பேர்ல ஒருத்தன் பொய் சொல்றான்னு அவங்களுக்குத் தெரியும்ல? மொதல்ல போனவன் தெளிவாப் பேசினவன், ரெண்டாவது போனவன் இங்கிலீஷ்ல திக்கினவன். யாரை நம்புவாங்க? எனக்கு வேலை கெடைச்சுது. அவனுக்குக் கெடைக்கல.

பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சோம். "நல்லாத்தான் சொல்லிருக்க மாப்ள"ன்னு மட்டும் சொன்னான். சண்டை போட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும். அதுக்கப்புறம் போன் கொறைஞ்சுது. அப்புறம் பொங்கலுக்கு மட்டும் வாழ்த்து. 2021க்கு அப்புறம் அதுவும் இல்ல. அவன் கோயம்புத்தூர்ல மோட்டார் பம்புக்குக் கன்ட்ரோல் போர்டு பண்ற சின்னக் கம்பெனியில இருக்கான்னு வேற ஆள் மூலமாத்தான் தெரியும்.

சரி, அகிஹபரா வரிசைக்குத் திரும்புவோம். எனக்கு முன்னாடி இப்ப ஒரே ஒரு ஆளு.

மிட்சுடா கதையில ஒரு பாதியை மேல சொல்லாம விட்டுட்டேன். சகாகுச்சி கிட்ட சவால் விட்டு வாங்கின வேலையை அவரால முழுசா முடிக்க முடியல. ஆபீஸ்லயே ராத்திரி பகலாக் கெடந்தார். ஹார்ட் டிஸ்க் செத்துப் போய் பாதி எழுதின நாப்பது பாட்டு மாதிரி காணாமப் போச்சு (பேக்கப் எடுங்க மக்களே). கடைசியில வயித்துப் புண்ணு வந்து ஆஸ்பத்திரியில படுத்துட்டார். மிச்சம் இருந்ததை எழுதிக் குடுத்தவர் நோபுவோ உவேமட்சு. ஃபைனல் ஃபேன்டஸி ஆட்டங்களோட இசையமைப்பாளர். அப்பவே அந்தக் கம்பெனியோட பெரிய பேரு, மிட்சுடாவை விடப் பதிமூணு வயசு மூத்தவர். அவர் வந்து புதுப்பையனோட மொதப் படத்துல சுமார் பத்துப் பாட்டு எழுதிக் குடுத்துட்டுப் போனார். ஆட்டம் முடிஞ்சதும் ஓடுற பெயர்ப் பட்டியல்ல ரெண்டு பேர் பேரும் இருக்கு. ஒரு பாட்டுல கைகுடுத்த நோரிகோ மட்சுயேடா பேரும் இருக்கு.

இந்தக் கதையை எத்தனை தடவை படிச்சிருப்பேன். எப்பவும் நான் மிட்சுடா பக்கமாத்தான் நின்னு படிச்சேன். உடம்பு சரியில்லாமப் போன திறமைசாலி, அய்யோ பாவம். அன்னைக்குக் கையில ரெண்டு சிடியோட நிக்கும்போதுதான் படுக்கையில கெடந்தவனோட கதைக்கு இன்னொரு பக்கம் இருக்குன்னு தோணுச்சு. எழுதிக் குடுத்தவன் பேரைப் பட்டியல்ல போட்டாங்க. நான் போடல.

இதுல இன்னொரு வேடிக்கையும் இருக்கு. இவ்வளவு நாளும் இந்த சிடி வாங்குற ஆசைக்கு நான் சொல்லிக்கிட்ட காரணம், திருட்டுத்தனமா ஆடினதுக்குப் பரிகாரம்னு. காலேஜ்ல ஓசியில கேட்டோம், இப்ப சம்பாதிக்கிறோம், காசு குடுத்து வாங்குவோம். நல்ல எண்ணந்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க, இது பழைய சிடிக் கடை. 1995ல யாரோ காசு குடுத்து வாங்கி, அலுத்துப் போய் வித்த பிரதி. நான் குடுக்குற 2,300ல மிட்சுடாவுக்கு ஒத்த யென் போகாது. அவருக்கு நான் குடுக்க வேண்டியது இந்தக் கல்லாவுல தீரவே தீராது. (அதுக்கு ஆட்டத்தையே புதுசா காசு குடுத்து வாங்கணும். ஊருக்கு வந்து வாங்கிட்டேன்.) அப்ப இந்தக் கடையில தீர்க்கக்கூடிய பாக்கி எதுன்னு பாத்தா, இன்னொரு ஆளுக்குத்தான் இருந்துச்சு.

வரிசையை விட்டு வெளிய வந்தேன். க்ராஸையும் ஸீனோகியர்ஸையும் எடுத்த எடத்துலயே திருப்பி வெச்சேன். க்ராஸை வைக்கும்போது கை வரல, உண்மையைச் சொல்லணும்ல. ட்ரிகர் ரெண்டு பிரதியையும் எடுத்தேன். 2,900, 2,300. மொத்தம் 5,200.

கல்லாவுல இருந்த பெரியவர் ரெண்டையும் பாத்தார். ரெண்டும் ஒண்ணுதான்னு விரலால காட்டினார். தெரியாம எடுத்துட்டேன்னு நெனச்சிருப்பார் பாவம். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஜப்பானிய மொழியில "தோமோதாச்சி"ன்னேன். நண்பன்னு அர்த்தம். தலையை ஆட்டிட்டு ஓபி கசங்காம தனித்தனி உறையில போட்டுக் குடுத்தார். மிச்சம் 800 யென்னுக்குக் கீழ ஒரு கடையில கறி ஊத்தின சோறு சாப்பிட்டேன்.

ஊருக்கு வந்து ஒரு மாசம் அந்தப் பை அலமாரியில கெடந்துச்சு. வாங்குறது சுலபம். அனுப்பணும்ல. அனுப்பினா கூட ரெண்டு வரி எழுதணும்ல. பத்துத் தடவை எழுதிக் கிழிச்சேன். உடம்பு, சூழ்நிலை, பயம், வீட்டுக் கடன்னு ஒவ்வொரு தடவையும் காகிதத்துல ஒரு காரணம் வந்து உக்காந்துக்கும். கடைசியில இவ்வளவுதான் எழுதினேன்: "அந்த 'டப்'பைக் கொன்னது நீ. நேர்முகத்துல நான்னு சொன்னேன். பொய் சொன்னேன். உன் வேலை போனது அதனால." ஓபி இருக்கிற பிரதியோட வெச்சு, அவன் வேலை செய்யற எடத்து முகவரிக்குக் கூரியர்ல போட்டேன்.

இதனால ஆறு வருசம் திரும்பாதுன்னு தெரியும். அந்த ஆட்டத்துல மாதிரி காலத்துல பின்னால போய் அந்த அறைக் கதவைத் தட்ட முடியாது. அவன் மன்னிக்கணும்னும் எழுதல. கேக்குறதுக்கு எனக்கு என்ன அருகதை இருக்கு?

கூரியர் போய்ச் சேந்ததுன்னு செல்லுக்குத் தகவல் வந்துச்சு. அப்புறம் ஒண்ணும் இல்ல. ஒரு நாள், ரெண்டு நாள், ஒன்பது நாள். பத்தாவது நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு மெசேஜ்.

"சிடி போட டிரைவ் எங்கடா இருக்கு இப்ப?"

நான் பாத்துட்டே இருந்தேன். உண்மைதான். என் லேப்டாப்லயும் இல்ல. ரெண்டு பேரு கிட்டயும் மூணு மூணு டிஸ்க் இருக்கு, கேக்க வழி இல்ல. "ரிச்சி ஸ்ட்ரீட்ல யூஎஸ்பி டிரைவ் கெடைக்கும். வாங்கி நானே எடுத்துட்டு வரட்டுமா?"ன்னு கேட்டேன்.

ரொம்ப நேரம் கழிச்சு, "வா"ன்னு வந்துச்சு. அவ்வளவுதான். காகிதத்துல எழுதினதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அது நேர்ல வரும்னு நெனைக்கிறேன். வரட்டும்.

டிரைவ் வாங்கியாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில கோயம்புத்தூர் வண்டி. என் வெளுத்த பிரதியை மட்டும் ஒரு தடவை போட்டுப் பாத்தேன், டிரைவ் வேலை செய்யுதான்னு சோதிக்கத்தான். மூணாவது டிஸ்க்ல அந்த மேகத்து ராஜ்ஜியம் பாட்டு வந்துச்சு. மெட்டை விட்டுட்டு அடியில போற பேஸை மட்டும் பிடிச்சுக் கேட்டேன். ஓசை தகரம்னு மேல எழுதினேன்ல, அதை இப்ப வாபஸ் வாங்கிக்கறேன்.

டிஸ்கி: நீங்க யாராவது மிட்சுடா வாங்கறதா இருந்தா என்னைப் பாத்து வாங்காதீங்க. கேக்குறதுக்குன்னா மொதல்ல க்ரோனோ க்ராஸ், அப்புறம் ஸீனோகியர்ஸ். காசு மிஞ்சினா க்ரீட். நான் இன்னும் க்ராஸ் வாங்கல. அகிஹபரா பக்கம் போற நல்ல உள்ளங்கள் நாலாவது மாடியில பாருங்க, மூணாவது அலமாரியில கை வராம திருப்பி வெச்ச பிரதி ஒண்ணு இன்னும் இருந்தாலும் இருக்கும்.